கூடம் கோணலா, கால் கோணலா?

ஜனவரி பாதியில் போனக்காட்டில் மலையேற்றப் பருவம் தொடங்குகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வந்தால் மூடிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையும் பாழடைந்த தொழிலாளர் லயங்களும் தெரியும். அவற்றைத் தாண்டி வனத்துறையின் சோதனைச் சாவடி. அகத்தியர்கூடத்துக்கு, அதாவது நாம் பொதிகை என்று சொல்லும் 1,868 மீட்டர் உயர மலைக்கு, நடை அங்கிருந்துதான் புறப்படுகிறது. இணையத்தில் முன்பதிவு செய்தவர்கள் முதல் நாள் காட்டாறுகளைக் கடந்து, புல்வெளி ஏறி, அதிருமலை முகாமில் தங்குவார்கள். மறுநாள் பொங்காலப்பாறை வழியாக, கயிறு கட்டிய பாறைகளைப் பிடித்து ஏறி உச்சியைத் தொட்டு முகாமுக்குத் திரும்புவார்கள்.

சாவடியில் வரிசையாக நிற்கும் கால்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் புது ஷூ. கணுக்காலை மூடும் கனத்த பூட், மண் படாத சோல், சில ஜோடிகளில் விலைச்சீட்டின் நூல்கூட அறுபடாமல் தொங்கும். அவர்களை அழைத்துப்போகிற காணிப் பழங்குடி வழிகாட்டிகள் பலரின் காலில் சாதாரண ரப்பர் செருப்பு. மாலையில் அதிருமலையில் முதலில் போய் உட்கார்ந்திருப்பவர்கள் செருப்புக்காரர்கள். கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி கேட்பவர்கள் புது ஷூக்காரர்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் சொல்வார்கள். திறமை இல்லாதவர் கருவியைக் குறை சொல்வதைக் கண்டிக்கிற பழமொழி. அதில் நியாயம் உண்டு. ஆனால் அறிவியல் படித்தவர் இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்? தரை வழுக்கினால் தேர்ந்த ஆட்டக்காரரும் விழத்தான் செய்வார். கூடத்தின் பங்கு எவ்வளவு, காலின் பங்கு எவ்வளவு என்று பிரித்து அளக்க முடியுமா? புதுப் பொருள் வாங்கினால் கற்றுக்குட்டியின் ஆட்டம் உயருமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அந்த அளவையில்தான் இருக்கிறது.

மலையில் அதை அளப்பது கடினம். ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை ஏறுகிறார். மழை, தூக்கம், சாப்பாடு எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறிவிடும். அதனால் முதலில் எல்லாமே அளந்து வைக்கப்பட்ட ஒரு விளையாட்டுக்குப் போவோம். பெரிய மால்களில் பத்துக் கட்டைகளை நிறுத்தி, கனத்த பந்தை உருட்டி வீழ்த்துகிறார்களே, அந்த டென்பின் பௌலிங். தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்ற ஷப்பீர் தன்கோட் தமிழ்நாட்டுக்காரர்தான். அந்த மட்டத்தில் ஆடுபவர்கள் போட்டிக்குப் பை நிறையப் பந்துகளோடு போகிறார்கள். வார இறுதியில் ஆடும் கற்றுக்குட்டிக்கும் அந்தப் பையைப் பார்த்தால் ஆசை வரும்.

பௌலிங் ஓடுபாதையில் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி, சுமார் 18.3 மீட்டர். பந்தின் எடை அதிகபட்சம் 16 பவுண்டு, ஏழேகால் கிலோ. கையை விட்ட பந்து இரண்டரை நொடியில் கட்டைகளை அடைந்துவிடும். பார்ப்பவருக்குத் தெரியாத ஒரு விஷயம், பாதையின் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள், கடைசிப் பகுதி காய்ந்திருக்கும் என்பது. எண்ணெய் மேல் பந்து உருளுவதில்லை, சறுக்குகிறது. காய்ந்த இடத்துக்கு வந்ததும் பலகையைப் பற்றிக்கொள்கிறது. 2004-இல் இயற்பியலாளர் கிளிஃப் ஃபிரோலிக் தம் கணக்கில் எடுத்துக்கொண்ட உராய்வுக் கெழு, எண்ணெய்ப் பகுதிக்கு 0.04, காய்ந்த பகுதிக்கு 0.2. ஐந்து மடங்கு வித்தியாசம். பந்தைப் பக்கவாட்டுச் சுழற்சியோடு விட்டிருந்தால், பற்றிக்கொள்ளும் அந்த இடத்தில்தான் அது வளைந்து திரும்பும்.

வளைவு எதற்கு? பத்துக் கட்டையும் ஒரே வீச்சில் விழ, முதல் கட்டைக்கும் அதன் பக்கத்துக் கட்டைக்கும் நடுவே பந்து சாய்வாக நுழைய வேண்டும். ஏறத்தாழ 6 டிகிரி சாய்வு மிக நல்லது. பாதை மூன்றரை அடிக்கும் குறைந்த அகலம் என்பதால், நேராக உருட்டும் பந்து எந்த ஓரத்திலிருந்து வந்தாலும் ஒன்றரை டிகிரியைத் தாண்டாது. அப்படி வரும் பந்து முதல் கட்டையில் மோதி விலகிப் போய்விடும். உள்ளே நிற்கும் ஐந்தாம் கட்டை தப்பிக்கும். வளைந்து வரும் பந்துக்கு விலகுவதற்கு இடம் இல்லை.

இப்போது கருவிக்கு வருவோம். பழைய பந்துகள் கடினமான மரம். 1905-இல் கடின ரப்பர் பந்து வந்தது. பிறகு பாலியெஸ்டர், 1980-களின் தொடக்கத்தில் யூரித்தேன், 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின். இந்தக் கடைசி வகையின் மேற்பரப்பில் நுண்ணிய துளைகள் உண்டு, எண்ணெயை உறிஞ்சும், காய்ந்த பலகையை இறுகப் பிடிக்கும். விளைவைப் பாருங்கள். அமெரிக்காவில் 1968-69 பருவத்தில் 300-க்கு 300 எடுத்த முழு ஆட்டங்கள் 905. 1998-99 பருவத்தில் 34,470. முப்பது ஆண்டுகளில் மனிதக் கை முப்பத்தெட்டு மடங்கு தேறிவிடாது. எண்ணெய் பூசும் முறையும் ஓடுபாதையின் பொருளும் மாறியதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் பந்தைக் கழித்துவிட்டு இந்த எண்ணை யாராலும் விளக்க முடியாது. ஆகவே, கருவியால் பயனே இல்லை என்று உபதேசம் செய்பவர்களை நான் ஏற்பதில்லை. கூடம் கோணலாகத்தான் இருந்தது. நிமிர்த்தினார்கள், ஆட்டம் உயர்ந்தது.

அந்த 34,470 ஆட்டங்களை ஆடியவர்கள் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. அவர்களில் பெரும்பாலோர் வாரந்தோறும் லீக்கில் ஆடி, ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் பந்தைத் திரும்பத் திரும்ப விடக் கற்றவர்கள். அதிகம் வளையும் பந்து, சரியாக விட்டால் கட்டைகளுக்குள் நன்றாக நுழையும். தவறாக விட்டால் தவறையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும். பந்தை விடும் கோணம் ஒவ்வொரு முறையும் மாறுகிற ஒருவர் கையில் அது ஓரத்துப் பள்ளத்தைத் தேடிப் போகும். ஒற்றைக் கட்டை மிச்சம் நின்றால், தேர்ந்த ஆட்டக்காரரே வளையாத பழைய பாலியெஸ்டர் பந்தைத்தான் கையில் எடுக்கிறார்.

புதுப் பந்தின் மகிமையில் எவ்வளவு உண்மையில் புதுமையைச் சேர்ந்தது என்பதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் பந்தின் இயக்கத்தை விரிவாக ஆராய்ந்தபோது, பந்தின் உள்ளே இருக்கும் விசித்திர வடிவ மையக் கட்டியைவிட மேற்பரப்பின் சொரசொரப்பும் உராய்வும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்று கண்டது. விளம்பரங்கள் வெட்டிக் காட்டுவது மையக் கட்டியை. சொரசொரப்போ உப்புத்தாளால் மாற்றக்கூடிய விஷயம். பல ஆட்டங்கள் ஆடிய பந்து எண்ணெய் குடித்து, மேற்பரப்பு மழுங்கி, வளைவு குறைந்து நிற்கும். அதற்குப் பக்கத்தில் புதுப் பந்தை வைத்து உருட்டினால் புதியது அற்புதமாகத் தோன்றும். பழையதைச் சுத்தம் செய்து தேய்த்தெடுத்துப் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

கற்றுக்குட்டிக்கு உண்மையிலேயே உதவுவது வேறொன்று. மாலில் கொடுக்கும் பொதுப் பந்தின் துளைகள் யாருடைய விரலுக்கும் பொருந்தாது. விரல் தளர்ந்தால் கை இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடித்தால் விடும் நேரம் மாறும். தன் விரலுக்கு அளவெடுத்துத் துளையிட்ட பந்து, அது எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், விடும் நேரத்தை ஒழுங்குபடுத்தும். முதல் சொந்தப் பந்துக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. இரண்டாவது, மூன்றாவது பந்துக்குக் கொடுப்பதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

யோசிப்பதற்கு ஒரு கணக்கு. ஒருவர் சராசரி 140 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 115, ஒரு நாள் 165 என்று ஆட்டத்துக்கு ஆட்டம் 25 புள்ளி அளவுக்கு மேலும் கீழும் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். புதுப் பந்து உண்மையாகவே அவர் சராசரியை 5 புள்ளி உயர்த்துகிறது. அதை ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்க எத்தனை ஆட்டம் வேண்டும்? புள்ளியியலின் எளிய வாய்பாட்டில் போட்டால், பழைய பந்தில் சுமார் 400 ஆட்டம், புதிய பந்தில் சுமார் 400 ஆட்டம். அத்தனை ஆட்டம் ஆடி முடிப்பதற்குள் பயிற்சியாலேயே அவர் தேறியிருப்பார். மூன்று ஆட்டம் ஆடிவிட்டு “பந்து நல்லா வேலை செய்யுது” என்று சொல்வது நம்பிக்கை. அதை அளவை என்று சொல்ல முடியாது.

இன்னொரு பொறியும் உண்டு. புதுப் பொருள் வாங்கும் எண்ணம் எப்போது வருகிறது? தொடர்ந்து மோசமாக ஆடிய வாரங்களில். மோசமான வாரத்துக்குப் பின் எதுவும் செய்யாமல் இருந்தாலும் அடுத்த வாரம் பெரும்பாலும் சராசரிக்கே திரும்பிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் கால்ட்டன் கண்ட சராசரிக்குத் திரும்புதல் இதுதான். திரும்பிய பெருமையைப் பந்து எடுத்துக்கொள்ளும்.

மனத்தின் பங்கையும் கழித்துவிட முடியாது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் ஒரே மட்டையைச் சிலரிடம் நைக்கி மட்டை என்று சொல்லிக் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டவர்கள் குறைந்த அடிகளில் குழியில் தள்ளினார்கள். பயன் அதிகம் கண்டவர்கள் புதியவர்கள்; தேர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் உதவவில்லை. பதற்றம் குறைந்தால் புதியவரின் கை நடுங்காது என்பது ஏற்கத்தக்க விளக்கம். இதை ஏமாற்று என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் நடுங்காத கைக்கு வேறு மலிவான வழிகள் உண்டு.

கருவியும் கையும் பற்றிப் பேசும்போது அகத்தியர்கூடத்தின் உச்சியையே ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். திருவிதாங்கூர் மன்னரின் வானியலாளராக 1852-இல் வந்த ஜான் ஆலன் புரவுன், இந்த மலைமேல் ஒரு காந்தவியல், வானிலை ஆய்வுக்கூடம் அமைத்தார். நுட்பமான கருவிகள் ஆள் சுமையாகக் காட்டு வழியே மேலே போயின. ஆனால் அவர் பணிக்கு மதிப்பு வந்தது, உள்ளூர் உதவியாளர்களைப் பயிற்றுவித்து, மணிக்கு மணி, ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி அளவு எடுக்கச் செய்ததால். பூமியின் காந்த ஊசி ஒரு நாளில் அசையும் அளவு மிகச் சிறியது. அளப்பவர் கை அதைவிட அதிகமாக அசைந்தால் எவ்வளவு உயர்ந்த கருவியும் ஒன்றையும் காட்டாது. பௌலிங்கிலும் அப்படித்தான். கையின் ஏற்ற இறக்கம் கருவியின் வித்தியாசத்தைவிடச் சிறியதாகும்போதுதான் கருவி பேசத் தொடங்கும்.

இனி மலைப்பாதை. இங்கேயும் ரப்பரும் உராய்வும்தான் விஷயம். நெடுமங்காட்டிலிருந்து விதுரா போகும் வழியெங்கும் ரப்பர் தோட்டங்கள். சிரட்டையில் சொட்டும் அந்தப் பால் ஷூக்களின் அடிக்கும் போய்ச் சேருகிறது. ரப்பர் கல்லை எப்படிப் பிடிக்கிறது என்பது அழகான இயற்பியல். பாறையின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். மென்மையான ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் வழிந்து இறங்கி, மறுபடி தன் வடிவுக்குத் திரும்பத் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. கால் வழுக்க முயலும்போது அதை எதிர்க்கும் விசையில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. நடுவில் தண்ணீரோ பாசியோ புகுந்தால் ரப்பரால் பள்ளங்களைத் தொட முடியாது.

பொங்காலப்பாறை போன்ற சரிந்த பாறையில் இதன் பொருள் என்ன? உராய்வுக் கெழு 0.7 இருந்தால் சுமார் 35 டிகிரி சரிவு வரை கால் நிற்கும். பாறை நனைந்து அது பாதியாகக் குறைந்தால் 19 டிகிரியிலேயே வழுக்கும். எந்தத் திறமையும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைத் தாண்ட வைக்காது. நல்ல சோல் இங்கே திறமைக்கு மாற்று இல்லை. திறமை காட்டுவதற்கான தரை அது.

இதை உலகம் உயிர் கொடுத்துக் கற்றது. 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் புந்தா ராசிகா என்ற சிகரத்தில், திடீர்ப் பனிப்புயலில் சிக்கி ஆறு மலையேறிகள் இறந்தார்கள். அவர்கள் காலில் இருந்த மெல்லிய ஏறு காலணிகள் பாறைக்கு ஏற்றவை; பனிக்கும் குளிருக்கும் ஏற்றவை அல்ல. நண்பர்களை இழந்த விட்டாலே பிரமானி, பிரெல்லி டயர் நிறுவனத்தின் துணையோடு, பாறைக்கும் பனிக்கும் ஒருசேரப் பயன்படும் ரப்பர் சோல் ஒன்றை 1937-இல் உருவாக்கினார். விப்ரம் என்று இன்று ஷூக்களின் அடியில் பொறித்திருப்பது அவர் பெயரின் சுருக்கம். 1954-இல் கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியக் குழுவின் காலில் அந்த சோல் இருந்தது.

ஆகவே ஷூ வாங்கும்போது பணம் எங்கே போக வேண்டும் என்றால், அடியில். மேலே இருக்கும் கணுக்கால் கவசமும் பளபளப்பும் பிறகு. அகத்தியர்கூடப் பாதையில் முதல் நாள் சேறும் வேரும் ஆறும், இரண்டாம் நாள் பாறை. ஆழமான பற்கள் சேற்றுக்கு நல்லது. வழவழப்பான பாறையில் கல்லைத் தொடும் பரப்பு குறைவதால் அவையே குறையாகும். அங்கே மென்மையான ரப்பர்தான் காக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்கும் சோலைத் தேர்ந்தெடுங்கள். கல் போலிருப்பது ஆண்டுக்கணக்கில் தேயாது, கூடவே பிடிக்கவும் பிடிக்காது.

பழைய ஷூவே போதும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல ஷூக்களின் நடுப்பகுதி நுரை பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறு இணைப்புகளை மெல்ல அறுக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். நம் கடலோர ஊர்களில், அலமாரியில் ஐந்தாறு ஆண்டு பத்திரமாக வைத்திருந்த ஷூ வெளியே புதிதாகவே தெரியும். காட்டில் இரண்டு மணி நேரம் நடந்ததும் நுரை பொடிப்பொடியாக உதிரும், சோல் வாய் பிளந்து கையோடு வந்துவிடும். உபயோகிக்காத ஷூதான் அதிகம் ஏமாற்றும். புறப்படுவதற்கு முன் அதைக் கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள். நுரையில் விரிசல் தெரிந்தால் புதியது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

எடை அடுத்தது. 1969-இல் சோல், கோல்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், சுமையைத் தலையில், கையில், காலில் என்று மாற்றி வைத்து நடக்கவிட்டு, செலவாகும் ஆற்றலை அளந்தார்கள். தலையில் சுமந்தால் உடம்போடு சுமப்பதைப் போல 1.2 மடங்கு. காலில் கட்டினால் 4.2-இலிருந்து 6.3 மடங்கு. ஒவ்வொரு அடியிலும் காலை நிறுத்தி, தூக்கி, மறுபடி வீச வேண்டியிருப்பதுதான் காரணம். கனத்த பூட் ஒன்று 700 கிராம், இலகு ஷூ ஒன்று 350 கிராம் என்று வையுங்கள். ஜோடிக்கு 700 கிராம் வித்தியாசம். முதுகுப் பையில் மூன்றரைக் கிலோ கூடுதலாகச் சுமப்பதற்குச் சமம். அந்தப் பையில் சில கிராம் குறைக்க பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டுகிறவர்கள், காலில் இந்தச் சுமையைக் காசு கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். செருப்பு போட்ட வழிகாட்டி முன்னால் போவதற்கான காரணங்களில் ஒன்று இதில் இருக்கிறது.

ஒன்றுதான், முழுவதும் அல்ல. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையிலான தாவரவியல் ஆய்வுக் குழு காணி வழிகாட்டிகளோடு இந்த அகத்தியர் மலைகளில் நடந்தது. விஞ்ஞானிகள் சோர்ந்து உட்கார்ந்தபோதும் வழிகாட்டிகளுக்குக் களைப்பு தெரியவில்லை. அவர்கள் இடையிடையே ஒரு சிறு காயை மென்றுகொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள், அவர்களும் தெம்பு வந்ததாக உணர்ந்தார்கள். மரபு ரகசியம் என்பதால் தயங்கிய பிறகே வழிகாட்டிகள் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் எலிகளை நீந்தவிட்டுச் சோதித்து, அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1990-களின் நடுவில் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய ஃபார்மசி உரிமம் பெற்றுத் தயாரித்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடாக அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான்.

அந்தச் செடியின் வேதியியலை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த நாளின் காட்சியில் இரண்டு மாறிகள் கலந்திருந்தன: காயும், வாழ்நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிய கால்களும். பொட்டலத்தில் அடைத்துக் கடைக்கு வந்தது காய் மட்டும். அந்தக் கால்களைப் பொட்டலமாக்க முடியாது.

அந்தக் கால்களில் இருப்பது என்ன? ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே விசை கொடுக்க வேண்டும், ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடைக்குப் பிரேக் போட வேண்டும். பழகாத தசையில் இந்த வேலை நுண்ணிழைகளைக் கிழித்துவிடும். வலி உடனே வராது. ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும். இரண்டாம் நாள் உச்சியிலிருந்து இறங்கியவருக்கு மூன்றாம் நாள், அதிருமலையிலிருந்து போனக்காட்டுக்கு முழு இறக்கமும் மிச்சமிருக்கும்போது, தொடை விறைத்துப்போகும். முழங்கால் மடங்கும், கால் தடுமாறும். அந்த நேரத்தில் எந்த சோலும் உதவாது.

ஊன்றுகோல் ஓரளவு உதவும். 1999-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் 25 டிகிரி இறக்கத்தில் இரண்டு கோல்களோடு நடந்தவர்களின் முழங்கால் விசைகள் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தன. ஆயிரக்கணக்கான அடிகளுக்கு இது சிறிய உதவி இல்லை. அலுமினியமோ கார்பன் இழையோ, இயற்பியலுக்கு அக்கறையில்லை. உறுதியான மூங்கில் கழி இரண்டு இருந்தாலும் இதே வேலை நடக்கும்.

ஆனால் உண்மையான மருந்து தசையிலேயே இருக்கிறது. ஒருமுறை அளவாக இறக்கப் பயிற்சி கொடுத்துவிட்டால் அந்தத் தசை அடுத்த முறை வெகு குறைவாகவே சேதமடைகிறது. உடற்செயலியலில் நன்றாக நிறுவப்பட்ட உண்மை இது. கசுனோரி நோசாக்கா 2001-இல் முழங்கைத் தசைகளில் காட்டியபடி, ஒரே ஒரு பயிற்சியின் பாதுகாப்பு சில அளவைகளில் ஆறு மாதம் வரைகூட நீடிக்கிறது. கடையில் உள்ள எந்தப் பொருளும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை இவ்வளவு மலிவாகத் தராது. காணி வழிகாட்டிக்கு இந்தப் பாதுகாப்பு தினமும் புதுப்பிக்கப்படுகிறது. நகரத்துக் காலுக்கு ஆண்டு முழுதும் கிடைப்பதில்லை, ஏனென்றால் நாம் இறங்குவதும் லிஃப்டில்.

எனவே போனக்காட்டுக்கு முன்பதிவு கிடைத்தவர்களிடம் சொல்ல விரும்புவது இதுதான். ஷூ வேண்டுமென்றால் அன்றே வாங்குங்கள், புறப்படும் நாளுக்கு முந்தைய வாரம் வேண்டாம். நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், போடப்போகிற அதே காலுறையோடு கடைக்குப் போங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் மோதாமல் இருக்க முன்பக்கம் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு தினமும் கடைத்தெருவுக்குப் போய்வாருங்கள். ஷூவும் காலும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளட்டும். பிறகு, பக்கத்தில் இருப்பதிலேயே உயரமான கட்டடத்தைத் தேடுங்கள். முழங்காலில் ஏற்கெனவே கோளாறு இல்லாதவர்கள், வாரத்துக்கு ஒரு நாளாவது, மேலே போகும்போது லிஃப்டில் போங்கள், கீழே வரும்போது படியில் இறங்கி வாருங்கள். முதல் வாரம் தொடை வலிக்கும். இரண்டாம் வாரம் வலி குறையும். அப்புறம் மலைக்குப் போங்கள்.